டம்ளரிலிருந்து கிராமுக்கு: அம்மாவின் சமையல் நோட்டை எடைக் கணக்காக மாற்றுவது எப்படி?

போன தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் மெல்போர்னிலிருந்து தங்கை போன் செய்தாள். "அக்கா, முறுக்கு கல்லு மாதிரி வருது. அம்மா நோட்டுல இருக்கற அளவுதான் போட்டேன்" என்றாள். குரல் கம்மியிருந்தது.

அம்மாவின் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: அரிசி மாவு 4 டம்ளர், உளுத்தம் மாவு அரை டம்ளர், வெண்ணெய் எலுமிச்சங்காய் அளவு, உப்பு, எள், பெருங்காயம். தங்கை டம்ளரை கப் என்று எடுத்துக்கொண்டாள். ஆஸ்திரேலியாவில் ஒரு கப் 250 மி.லி. மாவும் கடையில் வாங்கிய பாக்கெட் மாவு. கப்பை உள்ளே விட்டு அழுத்தி மொண்டிருக்கிறாள்.

நான் இங்கே அம்மாவின் எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 210 மி.லி. பிடித்தது. அம்மா செய்வது போல மிஷினில் அரைத்து, சலித்து, டம்ளரில் தூவி நிரப்பினேன். ஒரு டம்ளர் மாவு 114 கிராம். நான்கு டம்ளர் 456 கிராம். தங்கையின் ஒரு கப்போ 172 கிராம் வந்தது, நான்கு கப் 688 கிராம். மாவு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது, வெண்ணெய் மட்டும் அதே அளவு. முறுக்கு கல்லாகாமல் என்ன செய்யும்?

அன்றைக்கு உட்கார்ந்து அம்மாவின் நோட்டு முழுவதையும் கிராமுக்கு மாற்ற ஆரம்பித்தேன். நான்கு மாதம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதை எல்லாம், உங்கள் வீட்டு நோட்டுக்கும் உதவும்படி இங்கே எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் மாற்றுப் பட்டியலைப் பார்த்து நேராகப் பெருக்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டு அளவு என்பது ஒரு குறிப்பிட்ட டம்ளரிலும், அதை நிரப்பும் ஒரு குறிப்பிட்ட கையிலும் இருக்கிறது. முதலில் அந்த இரண்டையும் எடை போட வேண்டும்.

எதற்கெல்லாம் இந்த வேலை தேவை

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை போன்றவை டம்ளரில் எப்படி நிரப்பினாலும் பெரிய வித்தியாசம் காட்டாது. மணி மணியாக இருப்பவை தாமாகவே அடங்கி உட்கார்ந்துவிடும். டம்ளரைத் தட்டினால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

மாவு அப்படியில்லை. சலித்த கடலை மாவுக்கும் டப்பாவில் ஒரு மாதம் அடங்கிக் கிடந்த கடலை மாவுக்கும் ஒரே டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு வரை எடை வித்தியாசம் வரும். மைதா, அரிசி மாவு, பொடித்த சர்க்கரை, துருவிய தேங்காய், பொடித்த வெல்லம், அவல், கல்லுப்பு ஆகியவை இந்த வகை. நேரத்தைச் செலவழிப்பதானால் இவற்றில் செலவழியுங்கள்.

இட்லி மாவு இதற்கு நல்ல உதாரணம். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து என்பது டம்ளர் கணக்கு. அரிசியும் முழு உளுந்தும் ஒரு கப்புக்கு ஏறக்குறைய 200 கிராம்தான். அதனால் 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து என்று எடையிலும் அதே நாலுக்கு ஒன்றாக நிற்கிறது. பாட்டிகள் எந்தச் சொம்பால் அளந்தாலும் இட்லி சரியாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். முறுக்கிலும் மைசூர்பாகிலும் அந்த வசதி கிடையாது.

தராசும் அதைச் சோதிப்பதும்

ஒரு கிராம் வரை காட்டுகிற, 5 கிலோ வரை தாங்குகிற டிஜிட்டல் சமையலறைத் தராசு ஒன்று போதும். மஞ்சள் தூள், சோடா உப்பு, வெந்தயம் போன்றவற்றையும் கிராமில் எழுத ஆசையிருந்தால் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இன்னொன்று வேண்டும். பெரிய தராசில் 2 கிராம், 3 கிராம் அளப்பதை நம்ப முடியாது.

வாங்கி வந்ததும் சோதித்துவிடுங்கள். தனி எடைக்கல் தேவையில்லை. 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம் எடை. பத்து நாணயங்களை வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அரை லிட்டர் பால் பாக்கெட்டை வைத்தால் 515 கிராமுக்குச் சற்று மேலே வர வேண்டும். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், ஒரு மில்லிலிட்டர் 1.03 கிராம். பிளாஸ்டிக் உறையின் எடை சில கிராம்.

சமமான தரையில், மிக்ஸியோ அடுப்போ பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். சின்னச் சின்னத் தராசுகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் அது எடை ஏறுவதாகவே எடுத்துக்கொள்ளாது, பூஜ்யத்திலேயே நிற்கும். உப்பைத் தூவித் தூவி அளந்து, குழம்பு கரித்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. சின்ன அளவு என்றால் கிண்ணத்தை எடுத்து, அதில் பொருளைப் போட்டு, மறுபடி தராசில் வையுங்கள்.

முதல் வேலை: டம்ளரை அளப்பது

நோட்டை எழுதியவர் எந்த டம்ளரைக் கொண்டு எழுதினாரோ அதைக் கண்டுபிடியுங்கள். இந்த வழிகாட்டியில் இதைவிட முக்கியமான வேலை இல்லை. அம்மா இருந்தால் அம்மாவையே கேளுங்கள். "எந்த டம்ளர்ம்மா?" என்றால் சமையலறையில் இருக்கும் பத்து டம்ளரில் ஒன்றைத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது விளிம்பு நசுங்கிய, வேறு யாருக்கும் காபி ஊற்றித் தராத டம்ளராக இருக்கும். அரிசி டப்பாவுக்குள்ளேயே கிடக்கும்.

உலர்ந்த டம்ளரைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். திரையில் தெரியும் கிராம்தான் அதன் கொள்ளளவு மில்லிலிட்டரில். தண்ணீருக்கு ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம் என்பதால் இந்த வசதி. 210 என்று காட்டினால் 210 மி.லி. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். கரண்டி, கிண்ணம், எண்ணெய்க் குழிக்கரண்டி எல்லாவற்றையும் இதே மாதிரி ஒரே மூச்சில் அளந்துவிடலாம். எங்கள் வீட்டில் டம்ளர், காபி டம்ளர், நெய்க் கரண்டி, மாவு மொள்ளும் கொட்டாங்கச்சி அகப்பை என்று நான்கு பாத்திரத்துக்குக் கால் மணி நேரம்தான் ஆனது.

பாத்திரம் கிடைக்காமல், குறிப்பில் வெறுமனே "கப்" என்று மட்டும் இருந்தால், அது எந்த ஊர்க் கப் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் 237 மி.லி.க்குச் சற்றுக் குறைவு, நடைமுறையில் 240 என்று எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் ஜப்பானிய அளவு, 180 மி.லி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் அளவுக் கப் செட்டுகளில் 240-உம் உண்டு, 250-உம் உண்டு, அடியில் அச்சிட்டிருக்கும். அச்சை நம்பாமல் தண்ணீரால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஸ்பூனிலும் இந்தச் சிக்கல் உண்டு. டீஸ்பூன் எல்லா ஊரிலும் 5 மி.லி. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. தங்கை அங்கே வாங்கிய ஸ்பூனால் இங்கத்திய குறிப்பைச் செய்தால் ஒவ்வொரு டேபிள்ஸ்பூனிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விழும்.

நோட்டில் படி, ஆழாக்கு என்று இருந்தால்

பாட்டி காலத்து நோட்டு என்றால் டம்ளரே இருக்காது. படி, உரி, உழக்கு, ஆழாக்குதான். 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. ஆக ஒரு படிக்கு 8 ஆழாக்கு. "அரைக்கால் படி" என்று இருந்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஆழாக்கு. "மாகாணிப் படி" என்றால் பதினாறில் ஒரு பங்கு, அரை ஆழாக்கு.

மெட்ரிக்கில் ஆழாக்கை 168 மி.லி. என்றும் படியை 1.344 லிட்டர் என்றும் சொல்வது வழக்கம். வேறு வழியே இல்லாதபோது இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படி என்ற ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு கொள்ளளவைக் குறித்தது. அதனால் பரணில் பித்தளைப் படியோ இரும்பு ஆழாக்கோ கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால் தேய்த்துக் கழுவி, தண்ணீரால் அளந்துவிடுங்கள். எங்கள் வீட்டு ஆழாக்கு பரணில் வெண்கலப் பானைக்குள் இருந்தது.

இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்தது 1956-ல். அதன் பிறகும் பேச்சிலிருந்து படி சீக்கிரம் போகவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதியே "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்பதுதான், கிலோ இல்லை. அந்தத் தலைமுறையில் எழுதப்பட்ட நோட்டில் படியும் கிலோவும் ஒரே பக்கத்தில் கலந்து இருந்தால் குழம்ப வேண்டாம்.

அதே நோட்டில் பலம், சேர், வீசை என்றும் இருக்கும். இவை கொள்ளளவு அல்ல, எடை. ஒரு பலம் சுமார் 35 கிராம், 8 பலம் ஒரு சேர், 40 பலம் ஒரு வீசை. வீசை ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். "புளி 2 பலம்" என்றால் 70 கிராம், மேற்கொண்டு கணக்கு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது வேலை: கையை அளப்பது

டம்ளர் தெரிந்துவிட்டது. அதில் பொருளை எப்படி நிரப்பினார்கள் என்பது அடுத்தது.

நெல் அளக்கும் களத்தில் தலைதட்டி அளப்பது ஒன்று, குவித்து அளப்பது ஒன்று. முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவார்கள். அந்தப் பழக்கம் சமையலறைக்குள்ளும் வந்திருக்கிறது. பாட்டி எப்போதும் அரிசியைக் கோபுரமாகத்தான் அளப்பார், தலைதட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பார். அவர் எழுதிய "ஒரு ஆழாக்கு" என்பது உண்மையில் ஆழாக்கும் அதற்கு மேலே ஒரு கைப்பிடியும். அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்ற சமையல் ஆசிரியை 1896-ல் வெளியிட்ட நூலில் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அங்கே அது ஊன்றிவிட்டது. நம் நோட்டுகளில் அப்படி ஒரு பொது விதி கிடையாது, எழுதியவரின் வழக்கம்தான் விதி.

அதனால் எழுதியவரை, அவர் இல்லாவிட்டால் அவரிடம் சமைக்கக் கற்றவரை, வழக்கம் போலவே அளக்கச் சொல்லுங்கள். டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுக் கையில் கொடுங்கள். அவர் நிரப்பித் தந்ததும் மறுபடி தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அம்மாவின் அரிசி மாவு 112, 116, 114 என்று வந்தது. நாற்பது வருஷப் பழக்கம் அந்தக் கையில் இருந்தது. சராசரி 114.

தராசு பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததும் பலர் கவனமாகத் தட்டி நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள். முதல் முறை வருவதை விட்டுவிட்டு அடுத்த மூன்றை எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பட்டியல் ஒன்று

கையால் அளக்க ஆளும் இல்லை, டம்ளரும் இல்லை என்றால் பொதுப் பட்டியலைத்தான் நம்ப வேண்டும். கீழே இருப்பது 240 மி.லி. கப்பைத் தலைதட்டி அளந்தால் வரும் எடை. எல்லாமே தோராயம்.

பச்சரிசி, இட்லி அரிசி: 200 கிராம்
துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து: 200 கிராம்
ரவை: 165 கிராம்
ஜவ்வரிசி: 150 கிராம்
மைதா, கோதுமை மாவு (தூவி நிரப்பியது): 120 முதல் 125 கிராம்
மைதா (கப்பால் அழுத்தி மொண்டது): 140 முதல் 150 கிராம்
அரிசி மாவு (கடை மாவு): 158 கிராம்
கடலை மாவு (சலித்தது): 92 முதல் 100 கிராம்
கடலை மாவு (சலிக்காதது): 120 கிராம், அடங்கியிருந்தால் அதற்கும் மேல்
சர்க்கரை: 200 கிராம்
பொடித்த சர்க்கரை: 120 கிராம்
வேர்க்கடலை: 145 கிராம்
தேங்காய்த் துருவல் (அழுத்தாமல்): 80 கிராம்
பால், தயிர்: 245 கிராம்
எண்ணெய், உருக்கிய நெய்: 218 கிராம்
வெண்ணெய்: 227 கிராம்
தேன்: 340 கிராம்

எண்ணெய் தண்ணீரைவிட இலேசு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்பதோடு 910 கிராம் என்றும் போட்டிருக்கும். தேனும் அதே மாதிரிதான், எதிர்த்திசையில். ஒரு கப் தேன் ஒரு கப் எண்ணெயைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம்.

வெல்லத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பொடித்த பதம், ஈரம், அச்சு வெல்லமா உருண்டை வெல்லமா என்பதைப் பொறுத்து அது அவ்வளவு மாறும். வெல்லத்தை மட்டும் எப்போதும் நேராக எடை போட்டே எழுதுங்கள்.

மூன்றாவது வேலை: பெருக்குவது

கணக்கு எளிது. பட்டியலில் உள்ள எடையை 240-ஆல் வகுத்து, உங்கள் டம்ளரின் கொள்ளளவால் பெருக்குங்கள். சர்க்கரைக்கு 200 வகுத்தல் 240, பெருக்கல் 210. விடை 175 கிராம். அம்மாவின் டம்ளரில் சர்க்கரை 175 கிராம்.

இதை மைசூர்பாகில் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் மாவின் எடை அதில்தான் வெளிப்படையாகத் தெரியும். குறிப்பு எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கடலை மாவு 1 டம்ளர், சர்க்கரை 2 டம்ளர், நெய் 2 டம்ளர்.

210 மி.லி. டம்ளரில் சர்க்கரை 350 கிராம், உருக்கிய நெய் 382 கிராம். இவை இரண்டும் யார் அளந்தாலும் பெரிதாக மாறாது. கடலை மாவு சலித்துத் தூவினால் 84 கிராம். டப்பாவிலிருந்து டம்ளரால் மொண்டால் 115 கிராம் வரை வருகிறது. 84 கிராம் மாவு என்றால் ஒவ்வொரு 100 கிராம் மாவுக்கும் நெய் 455 கிராம் கிடைக்கிறது. 115 கிராம் என்றால் 332 கிராம்தான். முதலாவது வாயில் கரையும், துண்டு போடும்போதே நெய் கையில் ஒட்டும். இரண்டாவது கெட்டியாகப் பல்லில் படும். எழுதியிருக்கும் குறிப்பு ஒன்றேதான். "அதே அளவுதான் போட்டேன், உங்க வீட்டு மாதிரி வரலையே" என்று பக்கத்து வீட்டில் சொல்வது பொய்யில்லை. அவர்கள் அதே அளவு போட்டிருக்கிறார்கள், அதே எடை போடவில்லை.

நெய்யை உருக்கித்தான் அளக்க வேண்டும். உறைந்த மணல் நெய்யைக் கரண்டியால் அள்ளி டம்ளரில் போட்டால் நடுநடுவே காற்று நிற்கும், எடை குறையும். தராசில் போட்டால் இந்தக் கவலை இல்லை, உறைந்தாலும் உருகினாலும் 100 கிராம் 100 கிராம்தான்.

விகிதத்தை அப்படியே தூக்கி வைக்காதீர்கள்

பலர் விழும் குழி இது, நானும் விழுந்தேன். "ஒன்றுக்கு இரண்டு" என்று கொள்ளளவில் இருப்பதை எடையிலும் ஒன்றுக்கு இரண்டு என்று எழுதிவிடுகிறோம்.

சாதம் வைக்க ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அரிசி 200 கிராம், தண்ணீர் 480 கிராம். எடையில் இது ஒன்றுக்கு 2.4. 200 கிராம் அரிசிக்கு 400 கிராம் தண்ணீர் ஊற்றினால் சாதம் விரைவிரையாக நிற்கும்.

சாதமாவது மறுபடி தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாம். மாவடுவில் அது முடியாது. ஒரு படி வடுவுக்கு அரைக்கால் படி உப்பு என்பது பழைய கணக்கு, அதாவது எட்டுக்கு ஒன்று. இதைப் பார்த்து 800 கிராம் வடுவுக்கு 100 கிராம் உப்பு என்று எழுதினால் தவறு. வடு உருண்டையாக இருப்பதால் படிக்குள் இடைவெளி நிறைய, ஒரு படி வடு 800 கிராம் அளவில்தான் வரும். அரைக்கால் படி கல்லுப்போ 170 கிராமுக்கு மேல் வருகிறது. எடையில் பார்த்தால் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே ஒன்று. ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டும் இல்லை, கெட்டுப்போகாமல் காப்பதும் அதுதான். பாதிக்குப் பக்கமாக உப்பு குறைந்தால் ஜாடி நுரை தள்ளிப் பூஞ்சை பிடிக்கும். ஊறுகாய்க் குறிப்பை மாற்றும்போது இரண்டு பொருளையும் தனித்தனியாக நிறுத்தே எழுதுங்கள்.

ஸ்பூன் அளவுகள்

ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம். கல்லுப்பு அதே ஸ்பூனில் எனக்கு 5 கிராமுக்குக் கீழே வந்தது. கல் பெரிதாக இருந்தால் இன்னும் குறையும். கல்லுப்பில் எழுதிய குறிப்புக்குத் தூள் உப்பு போட்டுவிட்டுக் கரிக்கிறது என்று வருத்தப்படுவது இதனால்தான். உப்பை கிராமில் எழுதினால் எந்த உப்பாக இருந்தாலும் ஒன்றே.

மற்றவை, ஒரு டீஸ்பூன் தலைதட்டி: மஞ்சள் தூள் 3 கிராம், சீரகம் 2 கிராம், தனியா 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு, வெந்தயம் 3.7 கிராம், சமையல் சோடா 4.6 கிராம். சாம்பார் பொடி, ரசப் பொடி திரிக்கும்போது இவற்றை எடையில் எழுதுவது நல்ல பலன் தரும், ஏனென்றால் அங்கே எல்லாம் கைப்பிடி, ஆழாக்கு என்று பெரிய அளவில் போகும். தினசரி தாளிப்புக்குக் கடுகை கிராமில் எழுத வேண்டியதில்லை. அரை டீஸ்பூன் கடுகு அரை டீஸ்பூனாகவே இருக்கட்டும்.

எலுமிச்சங்காய் அளவு புளி

இது நம் நோட்டுகளுக்கே உரிய அளவை. எலுமிச்சங்காய் அளவு, நெல்லிக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, கோலிக்குண்டு அளவு. புளிக்கும் வெண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் இவைதான்.

அம்மாவைப் பத்து நாள் தொடர்ந்து புளியை உருட்டித் தரச் சொன்னேன். வத்தக்குழம்புக்கு எடுத்த எலுமிச்சங்காய் அளவு 26 கிராமிலிருந்து 33 கிராம் வரை இருந்தது. ரசத்துக்கு எடுக்கும் நெல்லிக்காய் அளவு 11 முதல் 14. கொட்டையும் நாரும் எடுத்த புளி இது. புதுப் புளி ஈரமாக இருக்கும், பழம்புளி கறுத்து வற்றிப் புளிப்பு ஏறியிருக்கும். அதனால் எது என்றும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நான் "பழம்புளி 28 கிராம்" என்று எழுதியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா சொல்லும் எலுமிச்சங்காய் நம் ஊரின் சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சை. அங்கே கடையில் லெமன் என்று விற்பது பெரியது, 100 கிராமைத் தாண்டும். தங்கை ஒருமுறை அதைக் கையில் வைத்துப் பார்த்துப் புளி எடுத்திருக்கிறாள். அந்தக் குழம்பை யாராலும் சாப்பிட முடியவில்லை.

ஊறவைத்தது, ஈரமானது

அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடிக்கிறோம். அந்த மாவை நிறுத்தால் அரிசியோடு தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறீர்கள். ஊறிய அரிசி தன் எடையில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் துணியில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து மாவின் எடை தினமும் மாறும். அதனால் ஊறவைக்கும் முன் உலர்ந்த அரிசியை நிறுத்து எழுதுங்கள், வெல்லத்தை அதற்கு எதிரே எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு 1 கிலோ பச்சரிசிக்கு 750 கிராம் பாகு வெல்லம். பருப்பு வடைக்கும் அடைக்கும் இதே முறைதான், ஊறும் முன் எடை.

கண்ணளவை எழுதுவது

சில குறிப்புகளில் அளவே இருக்காது. "தேவையான நெய்", "பிசையத் தண்ணீர்". இதற்கு ஒரு வழி இருக்கிறது, நான் அதிகம் பயன்படுத்தியதும் இதைத்தான். நெய் டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிடுங்கள். அம்மா தன் போக்கில் டப்பாவை எடுத்துச் சமைத்துவிட்டுத் திரும்ப வைக்கட்டும். திரையில் கழித்தல் குறியோடு ஒரு எண் தெரியும். அந்த எண்தான் வாணலியில் விழுந்த நெய். தண்ணீர்ச் சொம்பு, உப்பு ஜாடி, மாவு டப்பா எல்லாவற்றையும் இப்படி அளக்கலாம். சமைப்பவரின் கையைத் தடுக்கவே வேண்டாம். தராசு சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிற வகை என்றால் முன்னால் இருந்த எடையையும் பின்னால் இருக்கிற எடையையும் எழுதிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்படி அளந்துதான் முறுக்கு மாவு பிசைய அம்மா எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறார் என்று தெரிந்தது. "கொஞ்சம் தெளிச்சுக்கோ" என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர் 290 கிராம் ஊற்றுகிறார்.

எழுதி முடித்த பிறகு

மாற்றிய குறிப்பை ஒருமுறை சமைத்துப் பார்க்காமல் மை போட்டு எழுதாதீர்கள். முதலில் பென்சிலில் எழுதி, கிராமை ஐந்துக்கோ பத்துக்கோ முழுமையாக்கி, பாதி அளவு செய்து பாருங்கள். ருசி தெரிந்தவர் ஒருவர் சாப்பிட்டுச் சொல்லட்டும். பழைய அளவையும் அடித்துவிடாமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். என் நோட்டில் இடது பக்கம் அம்மாவின் கையெழுத்து நகல், வலது பக்கம் கிராம், மேலே ஓரத்தில் "டம்ளர் 210, நெய்க் கரண்டி 18, ஆழாக்கு 172" என்று மூன்று எண்கள். ஆழாக்கு 168 இல்லை, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது 172.

முறுக்கு மூன்று தடவை மாறி இப்போது இப்படி நிற்கிறது: மிஷினில் அரைத்துச் சலித்த அரிசி மாவு 455 கிராம், வறுத்து அரைத்த உளுத்தம் மாவு 50 கிராம், வெண்ணெய் 40 கிராம், தூள் உப்பு 10 கிராம், எள் 8 கிராம், பெருங்காயத் தூள் 1 கிராம், தண்ணீர் 290 கிராமில் ஆரம்பித்துப் பதம் பார்த்து. பாக்கெட் மாவாக இருந்தால் தண்ணீர் கொஞ்சம் மாறும், மற்றவை அப்படியே.

பொங்கலுக்குத் தங்கை இந்த அளவில் செய்து, ஒரு முறுக்கை உடைக்கும் சத்தத்தை மட்டும் போனில் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதை இரண்டு தடவை கேட்டுவிட்டு, "எண்ணெய் இன்னும் சித்த காயணும்னு சொல்லு" என்றார். அதை எந்தத் தராசில் வைப்பது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய்க்குள் விடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்க வேண்டும்.